அமெரிக்காவுக்குப் போன வாய்

இலவசமாக ஒருவர் ஊர் ஊராகப் போய் வாயைத் திறந்து பார்க்கிறார் என்றால் எனக்குச் சந்தேகம் வராதா? அறுபத்தெட்டில் பென்னாகரம் பக்கத்து எங்கள் ஊருக்கு ஜீப்பில் வந்து இறங்கினார் புற்றுநோய் டாக்டர் மாதேஸ்வரன். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரி. கோயில் வாசலில் பெஞ்சு போட்டு, ஒவ்வொருவர் வாய்க்குள்ளும் டார்ச் அடித்தார். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று பாதிப் பேர் சோளக்கொல்லைக்குள் ஓடிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதற்கு வாயைப் பார்ப்பானேன்?

என் வீட்டுக்காரர் பெரியநாயகம் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி போய் உட்கார்ந்தார். கன்னத்தின் உள்பக்கம் அவருக்கு வெள்ளையாக ஒரு படை இருந்தது. டாக்டர் அதைப் படம் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“புகையிலை போடுவீங்களா?”

“இல்லைங்க.”

அன்றைக்கு அது பொய்யில்லை, அது தபசு காலம். எங்களுடையது கிறிஸ்தவ ஊர், விபூதிப் புதனோடு ஊரே புகையிலையை விட்டுவிடும். ஈஸ்டர் வரைக்கும் அந்த நாற்பது நாள் நோன்பு முழுக்க யாரும் தொட மாட்டார்கள். ஈஸ்டர் பூசை முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். போதாக்குறைக்குப் பங்குச் சாமியார் வேறு பக்கத்திலேயே நின்றார். அவர் காதுபட யார் ஆமாம் என்பார்கள்? கேட்டவர் வேறு மதத்துக்காரர், தபசு காலம் அவருக்கு என்ன தெரியும்!

சில வருஷம் கழித்து, பென்னாகரம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த எங்கள் ஊர் இன்னாசியம்மாள் ஒரு சேதி கொண்டுவந்தாள். இந்த ஊரில் புகையிலை போடாதவர்களுக்கும் வாயில் புற்று வருகிறது என்று டாக்டர் எழுதிவிட்டாராம். அதைக் காட்டிக்காட்டி அமெரிக்கா, ஜப்பான் டாக்டர்கள் எல்லாரும் எழுதுகிறார்களாம். என் வீட்டுக்காரர் வாய்ப்படமும் அதில் இருக்கிறதாம்.

“பாத்தியா, எம்பட வாயி அமெரிக்காவுல இருக்குது!” என்று இவர் மார்தட்டிக்கொண்டார். அதிலிருந்து புகையிலையை விடச் சொன்னால் ஒரே பதில்தான். “உலகத்து டாக்டருங்க அத்தனை பேரும் அதுனால வரலைங்கறாங்க. உனக்கென்னடி தெரியும்?”

எனக்கு எரிச்சலாக வந்தது. எங்கள் ஊரில் புகையிலை போடாதவர் யார்? இவர் சொன்ன ஒரு ‘இல்லைங்க’வை வைத்துக்கொண்டு அந்த மனிதர் பேர் வாங்கிவிட்டார். தெரிந்தேதான் எழுதினாரோ என்றுகூட நினைத்தேன். இதற்குள் வெள்ளைப் படை கெட்டியாகி, கன்னம் வீங்கிவிட்டது.

எழுபத்துநாலில் டாக்டர் மறுபடி வந்தார், கூட ஒரு வெள்ளைக்கார டாக்டரோடு. கிணற்றுத் தண்ணீரால் வருகிறதா, கேழ்வரகால் வருகிறதா என்று பார்க்கவாம். அது ஐப்பசி மாதம். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். உள்ளே புகையிலை.

டாக்டரின் டார்ச் சட்டென்று அணைந்தது. வெள்ளைக்காரர் கிணற்றடியில் இருந்தார். “போய்க் கொப்பளிச்சிட்டு வாங்க” என்றார் டாக்டர், மெதுவாக. மறைக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எதுக்குங்க கொப்பளிக்கணும்? நீங்க அன்னைக்கு வந்தது தபசு காலமுங்க. வூட்டுக்கு வூடு எல்லாருமே போடறவங்கதாங்க!”

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய் வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அந்த மனிதர் முகம் சிவந்தது. டாக்டர் திரும்பி வந்து, எல்லார் முன்னாலும் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது புகையிலையாலதாங்க. நான் எழுதுனது தப்பு. இன்னைக்கே எங்கூட மெட்ராஸ் வாங்க, அறுத்து எடுத்துட்டா பொழைச்சுக்கலாம்.”

அவரைச் சந்தேகப்பட்டதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் இவர் கையை உருவிக்கொண்டார்.

“அப்போ அத்தனை நாட்டு டாக்டருங்களும் பொய்யாங்க எழுதுனாங்க?”

“அவங்க யாரும் இங்க வந்து பாக்கலைங்க. நான் எழுதுனதை நம்பித்தான் எழுதுனாங்க.”

இவர் என்னைத் தனியே இழுத்துப் போய்க் காதோடு சொன்னார். “வெள்ளைக்காரன் நிக்கறான் பாரு. அவனுக்குப் பயந்துக்கிட்டு மாத்திப் பேசறாரு. நீ நம்பாதே.”

அழுதேன், கெஞ்சினேன். ஜீப் பொழுது சாயும்வரை காத்திருந்தது. “நீங்களாவது சொல்லுங்கம்மா” என்றார் டாக்டர். நான் சொல்லி என்ன ஆகும்? தப்பு என்று சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார். சரி என்று எழுதியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஆள் அதிகம் உள்ள பக்கம் சேர்ந்துகொண்டார்.