ஊசி போட்ட நாய்

நாய் குரைக்கப் பார்த்தது. சத்தம் வரவில்லை. தொண்டைக்குள் துணியைத் திணித்து வைத்தது போல ஒரு கரகரப்பு மட்டும் கேட்டது. கீழ்த்தாடை தொங்கிப் போயிருந்தது. எச்சில் கயிறு கயிறாக மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

“கிட்ட போவாத பாப்பா,” என்றார் வாட்ச்மேன் துலுக்காணம். “நேத்துலேர்ந்து இப்டித்தான் கீது. பணக்காரன் ஊட்டு நாயாட்டம் தெரியுது. அதான் உன்னியக் கூப்ட்டேன்.”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற வழியில் துர்காதேவியை அவர் மடக்கிக் கூட்டிவந்திருந்தார். நாய் கிடந்தது பழைய சைக்கிள் ஸ்டாண்டுக்குள். கம்பிக் கதவுக்கு வெளியே நின்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் அனுப்புகிறவள் அவள். அந்தத் தாடையைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. வெறிநோய். ஆனால் அவள் குனிந்து பார்த்தது தாடையை அல்ல. நாயின் கழுத்தில் சிவப்புத் தோல் பட்டை. அதில் பித்தளை எழுத்தில் ‘சீசர்’.

மணவாள நகரில், அவள் குடியிருக்கும் அதே தெருவில், குடியிருப்போர் சங்கத் தலைவர் அன்புசெல்வன் வீட்டு லாப்ரடார்.

“வெள்ள வேன்ல வந்தானுங்க. கதவத் தொறந்து கம்பால தள்ளி உட்டுட்டுப் போய்க்கினே இருந்தானுங்க. நான் விசில் ஊதறதுக்குள்ள எஸ்கேப்பு!”

அன்புசெல்வன் இந்தக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர். வெள்ளை வேன் அவருடையதுதான்.

“அண்ணே, இந்தக் கதவப் பூட்டுங்க. ஒருத்தரையும் கிட்ட உடாதீங்க. நான் கால்நடை டாக்டருக்குச் சொல்றேன்.”

பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறினாள். டாக்டருக்குச் சொல்லி முடித்த கையோடு அன்புசெல்வனைக் கூப்பிட்டாள்.

“இன்னாம்மா துர்கா, எங்க கீற? சாமியானா போட்டாச்சு, மைக் செட்டும் வந்துக்கினு கீது. நீ வந்து பேச வேண்டியதுதான் பாக்கி.”

“சீசர் எங்க சார்?”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு தடுக்கியது. “மச்சான் தோட்டத்துல உட்டுக்கிறேன். காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு.”

“இப்பத்தான் சார் நான் அத்தப் பாத்துட்டு வரேன். வாயி தொங்கிப் போச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. யாரையாவது கடிச்சுதா?”

“சேச்சே! அது ஊசி போட்ட நாயிம்மா!”

போன் கட். மறுபடி அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள் துர்கா. போன மாதம் இதே மனிதர்தான் வேன் வைத்துத் தெருநாய்களை அள்ளிக்கொண்டு போய் எங்கேயோ கொட்டிவிட்டு வந்தார். அத்தனையும் அவள் பிடித்து ஊசி போட்டவை. ஊசியும் கருத்தடையும் முடிந்ததற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் காதிலும் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதைக் காட்டிக் காட்டிச் சொன்னாள், இதுங்க இருந்தால் வெளிநாய் தெருவுக்குள் நுழையாது என்று. “தெருநாய் தெருநாய்தாம்மா. எங்க கொழந்தைங்க நடமாட வேணாமா?” என்று தெருவையே கை தட்ட வைத்தார் அவர். நாலே நாளில் ஹைவே பக்கமிருந்து எலும்பும் தோலுமாக ஒரு நாய் வந்து, அவர் வீட்டுக் கேட் கம்பி வழியாகச் சீசரோடு சண்டை போட்டுவிட்டுப் போனது. அப்போதே போய்க் கேட்டாள், ஊசி போட்டீங்களா என்று. அப்போதும் இதே பதில்தான். நாய் வளர்ப்பவர்களுக்கு நீயே வந்து நாலு வார்த்தை சொல்லேன், என் தலைமையில் கூட்டம் போடலாம் என்று அவர் சமாதானம் பேசியபோது இவளும் தலையாட்டினாள். அந்தத் தலையை இப்போது கழற்றி வீச வேண்டும் போல இருந்தது.

கூட்டம் அவர் வீட்டு வாசலிலேயே. நுழைந்தவுடன் ஃப்ளெக்ஸ். கூப்பிய கைகளோடு அன்புசெல்வன், பக்கத்தில் நாக்கை நீட்டிச் சிரிக்கும் சீசர். மேலே, ‘செல்லங்களைப் பொறுப்போடு வளர்ப்போம்’. பிளாஸ்டிக் நாற்காலிகளில் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது. வெள்ளை வேட்டி சரசரக்க அவரே எதிரே வந்தார். முகத்தில் சிரிப்பு, குரலில் கத்தி.

“அப்பறமா பேசிக்கலாம். ஜனங்க முன்னாடி பேஜாரு பண்ணாத.”

அவள் அவரைத் தாண்டிப் போய் மைக்கை எடுத்தாள். தெருவில் யாரையாவது சீசர் கடித்ததா, பிறாண்டியதா, முதலில் அதைக் கேட்டுவிட வேண்டும். வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். டீ தட்டோடு முத்தம்மா வந்துகொண்டிருந்தாள். அன்புசெல்வன் வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, நாய்க்குச் சோறு வைப்பது வரை எல்லா வேலையும் அவள்தான். தட்டைத் தாங்கிய வலது கையில் துணி சுற்றியிருந்தது. துணியின் விளிம்பில் மஞ்சள் கறை.

“முத்தம்மாக்கா, கைல இன்னா?”

முத்தம்மா பதில் சொல்லுமுன் அன்புசெல்வன் முகத்தைப் பார்த்தாள். அதுவே போதுமானதாக இருந்தது.

“கதவுல நசுங்கிக்கிச்சி பாப்பா.”

துர்கா மைக்கோடு போய்த் தட்டை வாங்கி நாற்காலியில் வைத்தாள். துணியை அவிழ்த்தாள். காய்ந்த மஞ்சளுக்கும் சுண்ணாம்புக்கும் அடியில் வீங்கிப்போன பல் தடங்கள்.

“கதவுக்குப் பல்லு இருக்குதாக்கா?”

யாரோ சிரித்தார்கள். முத்தம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “சீசருதான். திங்கக்கெழம சோறு வெச்சேன், பட்னு கவ்விக்கிச்சி. பாவம், ஒடம்பு சரியில்ல அதுக்கு. சாருதான் சொன்னாரே, ஊசி போட்ட நாயி, ஒண்ணியும் ஆவாதுன்னு.”

“வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“எதுக்கு? ஊசி போட்ட நாயி கடிச்சதுக்கு யாரு ஊசி போடுவாங்கோ? சாரு இன்னா பொய்யா சொல்வாரு? வேல தலைக்கு மேல கீது, உடு பாப்பா.”

இழுத்தாள், முத்தம்மா அசையவில்லை. பத்து வருஷம் அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவளின் நம்பிக்கை அது. துர்கா சொல்லி அசையாது. அசைக்கக் கூடியவர் ஒருவர்தான். அவர் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“சார், ஊசி போடலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க காலப் பிடிக்கிறேன். இவங்க உசுரு சார்!”

“தே, இன்னா? தெருநாய்க்கு வக்காலத்து வாங்கினவ இப்ப என் ஊட்டு நாய அசிங்கப்படுத்துறியா?”

“பேசக் கூப்ட்டா நாட்டாம பண்ணுதுப்பா இந்தப் பொண்ணு,” என்றது பின்வரிசை.

அப்போதுதான் கேட்டுக்குப் பின்னாலிருந்து அன்புசெல்வனின் மனைவி காயத்ரி வெளியே வந்தாள். துர்காவின் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி, தணிந்த குரலில் சொன்னாள்.

“அவளக் கூட்டினு போ துர்கா. அந்த நாய்க்கு நாங்க ஊசியே போட்டதில்ல. நானு, அவரு, பையன் மூணு பேரும் செவ்வாக்கெழமயே போய் ஊசி போட்டுக்கினோம்.”

துர்காவின் கையில் மைக் இருந்தது. அது அணைக்கப்படவில்லை. நாலு ஸ்பீக்கரும் தெரு முனை வரைக்கும் அதைச் சொல்லி முடித்தன.

“காயத்ரி! உள்ள போ!”

“எத்தினி நாளுங்க வாய மூடிக்கினு இருக்கறது? நாயோட வீடியோவப் பாத்துட்டு டாக்டரு இன்னா சொன்னாரு? தொட்டவங்க எல்லாரும் போங்கன்னாரா இல்லியா? எல்லாரும்னா அவ சேத்தி இல்லியா? முத்தம்மாகிட்ட சொன்னா தெருவுக்கே தெரிஞ்சிரும்னு…”

“செவ்வாக்கெழமயா?” என்றாள் முத்தம்மா.

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

“திருப்பாச்சூர் கோயிலுக்குப் போறோம்னு சொன்னீங்களேம்மா. ஊட்டப் பாத்துக்கோ, சீசருக்கு சோறு வெச்சிருன்னு சொல்லிட்டுத்தான போனீங்கோ? கடிச்ச மறுநாளு. நானும் வெச்சேனே. வாய்க்கிட்டப் போயி ஊட்டி உட்டேனே!”

காயத்ரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அன்புசெல்வன் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார்.

துர்காவுக்கு மைக்கை அந்த மூஞ்சியின் மீது எறியக் கை பரபரத்தது. எறிந்து உடைந்தால் யாருக்கு லாபம்? முத்தம்மாவை வாசல் குழாயடிக்கு இழுத்தாள். இந்த முறை வந்தாள்.

“சோப்பு! யாராவது சோப்பு கொண்டாங்க! பாத்துக்கினே குந்தினு கீறீங்களே! கூட்டத்துக்குத்தான வந்தீங்கோ? இதான் கூட்டம், நல்லாப் பாருங்க. மஞ்சா இல்ல, சுண்ணாம்பு இல்ல, மொளகாப் பொடி இல்ல. ஓடற தண்ணி, சோப்பு. கால் மணி நேரம் கழுவணும். கடிச்ச அன்னிக்கே கழுவணும், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஊட்டு நாயின்னா வெறி புடிக்காதா? பால் ஊத்துறீங்கோ, பர்த்டே கொண்டாடுறீங்கோ, வருஷத்துக்கு ஒரு ஊசி போட நோவுதா? காதுல வெட்டு இருந்துச்சே அந்த நாயிங்க, அதுங்க ஊசி போட்ட நாயிங்க! அதத் தொரத்திட்டு, கைய வேற தட்னீங்களே!”

பின்வரிசை ஆள் எழுந்து போய் ஒரு சோப்பைக் கொண்டுவந்து, குனிந்த தலையோடு நீட்டினான். மஞ்சள் தண்ணீர் சாக்கடையில் இறங்கியது. நுரை வெளுத்த பிறகும் துர்கா விடவில்லை.

திருவள்ளூர் அரசு மருத்துவமனையில் நாய்க்கடிக்குத் தனி வரிசை. முத்தம்மா நர்ஸிடம் கையை நீட்டினாள்.

“ஆறு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?” என்றாள் நர்ஸ், சீட்டைப் பார்த்து.

துர்காதான் கேட்டாள். “இனிமே போட்டா காப்பாத்திருமா சிஸ்டர்?”

“போடாம உடறதவிட இப்பவாவது போடறது மேல. கைய ஆட்டாதீங்கம்மா. புண்ணச் சுத்தியும் போடணும், வலிக்கும்.”

ஊசி புண்ணின் ஓரத்தில் இறங்கியது. முத்தம்மா பல்லைக் கடித்தாள். அப்போது, பக்கத்துப் பெஞ்சில் அவள் வைத்திருந்த போன் அதிர ஆரம்பித்தது. திரையில் ‘சாரு ஊடு’. துர்கா எடுக்கப் போனாள். முத்தம்மா தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

“கடிச்ச நாயி யாரோடது?” என்று கேட்டுக்கொண்டே அடுத்த இடத்தில் குத்தினாள் நர்ஸ்.

அடித்து ஓய்ந்த போன் மறுபடி அடித்தது. ஸ்டீல் பெஞ்சின் வழுவழுப்பில், ஒவ்வொரு அதிர்வுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக, விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டே போனது.