முதலைப் படம்

சுப்பராயலு வலது கையை மெல்லத் தூக்கி உள்ளங்கையைக் கவிழ்த்தார். பிறகு மல்லாத்தினார். மறுபடி கவிழ்த்தார். விடிந்ததிலிருந்து இதையேதான் செய்துகொண்டிருந்தார்.

"இன்னா வோணும் நைனா?" என்று மகள் கஸ்தூரி குனிந்து கேட்டாள்.

பதில் வராது. வாதம் அடித்து நாக்கும் மற்ற அங்கங்களும் போய்விட்டன. மிஞ்சியது அந்தக் கையும் கண்களும்தான். எல்லா மடையும் அடைபட்டு ஒன்று மட்டும் திறந்திருக்கிற வயலைப் போல, அவர் நினைப்பதெல்லாம் அந்தக் கை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

ஒருக்களித்துப் படுக்க ஆசைப்படுகிறாரோ என்று கஸ்தூரியும் தம்பி கண்ணையனும் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். முனகினார். மல்லாக்கக் கிடத்தினார்கள். "தலகாணி சுடுது போலக்கா" என்று கண்ணையன் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். கை நிற்கவில்லை.

"எங்கண்ணன் தோச கேக்குதுடி" என்றாள் அவருடைய தங்கை காசம்மாள். "ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டுச் சுடச் சொல்லுது." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கஸ்தூரி கையை விட்டுவிட்டு அவர் கண் போகும் திசையைப் பார்த்தாள். வடக்குச் சுவரில் சாமி படம் மாட்டியிருந்தது. அது தஞ்சாவூர் அரண்மனையில் எழுதிய பாகவதப் புத்தகத்தின் ஓர் ஏடு. புத்தகம் பிரிந்து சிதறியபோது அரண்மனையில் கணக்கெழுதிய பாட்டன் ஒருவர் கைக்கு வந்ததாம். குளம், தாமரை, யானை. யானையின் காலைக் கவ்வியபடி ஒரு முதலை. துதிக்கையில் ஒரு பூவைத் தூக்கி யானை வானத்தைப் பார்த்துப் பிளிறுகிறது. வானத்தில் யாருமில்லை. வீட்டில் எல்லாருக்கும் அது முதலைப் படம்தான்.

சின்ன வயதில் அவள் கேட்டிருக்கிறாள். "சாமி எங்க நைனா?"

"வந்துகினு இருக்காரு."

எப்போது கேட்டாலும் அதே பதில். அசைத்தால் வர்ணம் உதிரும் என்று யாரையும் தொடவிடமாட்டார். தூசி தட்டுவதும் அவரேதான்.

"அத்தே, படத்தத் திருப்பச் சொல்றாரோ?"

காசம்மாளின் சிரிப்பு நின்றது. "அடிப் பாவி! உசுரு இருக்கசொல்லோ சாமியத் திருப்புவாங்களா? பொணம் வுயுந்த வூட்லதாண்டி திருப்புவாங்க. நீயே எமன வான்னு கூப்புடறியா?"

அதுவும் சரிதான். சாவுத் தீட்டில் சாமி பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் படங்களைச் சுவர் பக்கம் திருப்புவது. அப்படியானால் இவர் என்ன சொல்கிறார்? போகிறேன் என்கிறாரா? போக விடுங்கள் என்கிறாரா? கஸ்தூரி சுவரருகே போய்ச் சட்டத்தின் மேல் கையை வைத்தாள். எடுத்துவிட்டாள். திரும்பி வந்து அவருடைய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இரு நைனா. ஒண்ணுமில்ல."

அவள் பிடிக்குள் அந்தக் கை புரள முயன்றது. மறுபடியும் முயன்றது. பிறகு விட்டுவிட்டது.

தெருவில் கரும்பு வண்டிகள் போய்க்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது.

காசம்மாள் அழுது ஓய்ந்து எழுந்தாள். "கண்ணையா, ஒறமொறைக்கு ஆள் வுடு. கஸ்தூரி, இப்பத் திருப்புடி."

கஸ்தூரி முக்காலியில் ஏறினாள். அம்மா செத்ததற்குப் பிறகுதான் நைனா இந்த ஏட்டைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய், துரைமார் வீட்டுக்கு வேலை செய்கிற ஆசாரியிடம் சட்டம் போட்டு மாட்டினார். அதைத் திருப்பவேண்டிய சாவு இந்த வீட்டில் இன்றுவரை விழவில்லை. தூக்கியபோது கனத்தது. பின்னால் பலகை இருக்கும் என்று நினைத்தாள். விரலுக்குச் சில்லென்று கண்ணாடி பட்டது.

முந்தானையால் தூசியைத் துடைத்தாள்.

அதே குளம், அதே தாமரை. முதலை அறுபட்டுக் கிடந்தது. யானை கரையேறி நின்றது. மேலே பச்சைச் சிறகு விரித்த கருடன்மேல் நீலநிறத்துப் பெருமாள், வந்த வேகத்தில் பீதாம்பரம் பின்னால் பறக்க, பாதி குனிந்திருந்தார். வெயில் படாத தங்க ரேக்கு நேற்று ஒட்டியது போல இருந்தது.

இத்தனை வருஷம் ஏன் காட்டவில்லை? மறந்துபோனாரா, ஏதாவது ஒரு நாளுக்கென்று வைத்திருந்தாரா? முதலையைச் சுவர் பக்கமாக வைத்து ஆணியில் மாட்டினாள்.

"திருப்பிட்டியாடி?"

"திருப்பிட்டேன் அத்தே."

காசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாடி இது, சாமி பாத்துகினு இருக்குதே!"

"திருப்பித்தான் இருக்கு அத்தே."

காசம்மாள் படத்தை இன்னொருமுறை பார்த்தாள். பிறகு கட்டைவிரல்களைக் கட்டத் துணி கிழித்தாள். தெற்கே தலைவைத்துக் கிடந்தவரின் முகம் வடக்குச் சுவருக்கு நேராக இருந்தது. கஸ்தூரி அவர் வலது கையை எடுத்தாள். கவிழ்ந்திருந்ததை மல்லாத்தினாள். ஒருமுறைதான். பிறகு கட்டக் கொடுத்தாள்.

அது புத்தகத்து ஏடு. முன்பக்கத்தில் யானை கூப்பிடும். பின்பக்கத்தில் சாமி வருவார். பார்க்கவேண்டுமானால் திருப்பவேண்டும்.