மின்சாரம் ஓடாத தண்ணீர்

மக்டலீன் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினான்கு வருடம் குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலில் வேலை. பீடத் துணி தோய்ப்பதிலிருந்து பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது வரை அவள் பொறுப்பு. புது வேலையில் அவளுக்குப் பெருமை ஒன்றுதான். அங்கே ஆய்வு செய்பவள் தன் ஊர்ப் பிள்ளை ஜெயனி.

ஜெயனி செய்த கருவி நகத்தளவு கண்ணாடித் தகடு. இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்துவிட்டதுபோல அதன்மேல் மெல்லிய பொன் கோடுகள். விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை திசைமாறும் மின்சாரத்தை அவற்றில் கொடுத்தால், தண்ணீரில் மிதக்கும் பற்றீரியாக் கிருமி கோட்டின் விளிம்புக்கு இழுபட்டு வந்து ஒட்டும். வளர்த்துப் பார்த்தால் ஒரு நாள் எடுக்கும் கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

அன்றைக்கு மதிப்பீட்டுக்காகக் கொழும்பிலிருந்து கலாநிதி உதயகலா வந்திருந்தார். கருவி வேலை செய்தால் ஆய்வு யாழ்ப்பாணத்திலேயே தொடரும். செய்யாவிட்டால் தகடும் ஜெயனியும் கொழும்புக்கு.

ஜெயனி கிணற்றுத் தண்ணீரை வடித்து, அதிலிருந்த கிருமிகளை மின்சாரம் ஓடாத சீனித்தண்ணீரில் கலந்து தகட்டில் விட்டாள். மின்சாரம் கொடுத்ததும் நுணுக்குக்காட்டியின் திரையில் குமிழிகள் கொப்பளித்தன; கிருமி ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டாவது தகட்டிலும் அதே கதை.

"சீனித்தண்ணியிலை உப்பு இருக்கு," என்று சொல்லி, சீனி கரைக்க எடுத்த தண்ணீர்க் கானில் உப்பை அளக்கும் மானியை வைத்தாள். இரண்டு மூன்று காட்டவேண்டிய இடத்தில் எழுநூறு காட்டியது. "உப்பிருந்தால் மின்சாரம் கிருமியை விட்டிட்டுத் தண்ணியைக் கொதிக்கப்பண்ணும், மேடம். காய்ச்சி வடிச்ச தண்ணிக்கை ஆரோ பைப் தண்ணி விட்டிருக்கினம்."

மக்டலீன் வாய் பொத்தி இருந்திருக்கலாம். ஆனால் பழி கானைக் கொண்டுவந்தவன் தலையில் விழும்.

"நான்தான், பிள்ளை."

இருவரும் திரும்பினார்கள்.

"கான் குறைஞ்சு கிடந்துது. கோயிலிலை தீர்த்தம் குறைஞ்சால், இருக்கிறதிலும் குறையச் சாதாரணத் தண்ணி விட்டு நிரப்புவம். பிறகும் அது முழுக்கத் தீர்த்தம்தான். இதுக்கும் அளந்து, அரைவாசிக்குக் குறையத்தான் விட்டனான்."

உதயகலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தீர்த்தத்துக்குச் சரி, அம்மா. உப்பு ஆசீர்வாதத்துக்கு அசையாது." பிறகு மணியைப் பார்த்தார். "வேறை தண்ணி இருக்கோ, ஜெயனி?"

"திங்கட்கிழமைதான் வரும்."

ஜெயனியின் முகத்தைப் பார்க்க மக்டலீனால் முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "பற்றறிக்கு விடுற தண்ணி சரிவராதோ?"

"கடைத் தண்ணியை நம்பேலாது, அக்கா."

"கடைத் தண்ணி இல்லை. எங்கடை மனுசன் ஓட்டோ பற்றறிக்கு ஏசியிலை வடியிற தண்ணிதான் விடுறவர். நாலு வரியமாப் பற்றறி மாத்தேல்லை."

ஜெயனி ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். அடுத்த கணம் ஒரு குடுவையை அவள் கையில் திணித்தாள். "ஆவி குளிர்ந்த தண்ணி, உப்பிருக்காது. ஓடுங்கோ."

வெளிச்சுவரில் ஏசிக் குழாயின் நுனியில் குடுவையைப் பிடித்தபடி மக்டலீன் வெயிலில் நின்றாள். முதல் இரண்டு தரம் பிடித்ததைக் கொண்டு குடுவையையே அலசி ஊற்றினாள். பைப்பின் பக்கம் தலைவைத்தும் பார்க்கவில்லை. மூன்றாவது தரம் பிடித்ததை உள்ளே கொண்டுபோனாள். மானி பதினொன்று காட்டியது; அது போதும்.

"குழாய்க்கையும் கிருமி இருக்குமே?" என்றார் உதயகலா.

"நுண்வடிகட்டியாலை விடுறன், மேடம். முதல் வெறுஞ் சீனித்தண்ணியை ஓடவிடுவம். அதிலை ஒண்டும் பிடிபடக்கூடாது."

பிடிபடவில்லை. பிறகு கிருமி கலந்ததை விட்டாள். திரையில் கறுப்பாகத் தெரிந்த பொன் கோடுகளின் விளிம்பில் வெள்ளைப் புள்ளி ஒன்று வந்து நின்றது. பின்னால் ஐந்து, பத்து. சிறிது நேரத்தில் மணி கோத்ததுபோல வரிசை வரிசையாக நின்றன. ஜெயனி மின்சாரத்தை நிறுத்தினாள், கலைந்தன. திரும்பக் கொடுத்தாள்; வந்து ஒட்டின.

உதயகலா மூன்று தரம் அதைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்தார். "ஜெயனி, நீர் கொழும்புக்கு வாற யோசனையை விடும். உம்மடை வேலை இஞ்சைதான். உந்தத் தண்ணி எடுத்த முறையையும் எழுதவேணும். ஆரின்ரை முறையெண்டு போடுறது?"

"மக்டலீன் அக்காவின்ரை," என்றாள் ஜெயனி, யோசிக்காமலே.

"முழுப் பேர்?"

"கொலின்ஸ் மக்டலீன்," என்று மக்டலீனே சொன்னாள். குரல் கொஞ்சம் உரத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, கதை கேள்விப்பட்ட குருநகர்ப் பெண்கள் நாலைந்து பேர் சோடாப் போத்தல்களில் கிணற்றுத் தண்ணீரோடு வாசலில் நின்றார்கள். "இதுவோ ஜெயனியின்ரை மெசின் இருக்கிற இடம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஓம், எங்கடை மெசின்தான்," என்றாள் மக்டலீன். "போத்தலிலை பேரை எழுதிப்போட்டு இருங்கோ. அரை மணித்தியாலத்திலை சொல்லுவம்."