நாக்பூரானுக்குப் பிறகு

உப்பு போதவில்லை. சமையலறையிலிருந்த இரண்டு பொட்டலங்களையும் வசந்தாமணி குழிக்குள் கொட்டி முடித்தபிறகு, பக்கத்துத் தோட்டத்துச் சின்னண்ணன் எட்டிப் பார்த்து, இத்தனை பெரிய நாய்க்கு இது எந்த மூலைக்குக் காணும் என்றார். தென்னைக்குப் போட வைத்திருந்த கல்லுப்பில் அரை மூட்டையை அவரே போய்த் தோளில் தூக்கிவந்தார்.

குழிக்குள் கதிர்வேல் நின்றிருந்தார். கடப்பாரையை வெளியே எறிந்துவிட்டு, கடைசி நான்கு கூடை மண்ணைக் கையாலேயே அள்ளிப் போட்டிருந்தார். காலையில்தான் நாக்பூரிலிருந்து லாரியோடு வந்திருந்தார். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத கண் கோவைப் பழமாகச் சிவந்திருந்தது. நாய் லாரித் தார்ப்பாயின் ஒரு துண்டில் கிடந்தது. வியாழக்கிழமையிலிருந்து அது சோற்றைத் தொடவில்லை. இன்று காலை பைபாஸ் திருப்பத்தில் கதிர்வேல் அடித்த ஹாரன் கேட்டபோதும் எழுந்து கேட்டுக்கு ஓடவில்லை. படுத்த இடத்திலேயே வாலை இரண்டு தரம் தரையில் தட்டியது. அவர் வந்து தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டார். மதியத்துக்குள் போய்விட்டது.

“தலைய வடக்க பாத்து வெய்யுங்க. அந்தப் பக்கமிருந்து வந்தவந்தானே” என்றார் சின்னண்ணன். கேலியாகச் சொல்ல ஆரம்பித்தவர்தான், முடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டையை அவிழ்த்தார்.

அந்த நாய்க்கு நாக்பூரான் என்று பேர் வந்த கதையைக் கேட்காதவர்கள் அவர்களுடைய ஒறம்பரைச் சொந்தபந்தத்தில் யாருமே இல்லை. ராசிபுரத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போன கதிர்வேல், லோடு இறக்கிய மறுநாள் ஒரு தாபாவில் ரொட்டி தின்றுவிட்டு வந்து பார்த்தால், டிரைவர் சீட்டில் ஒரு குட்டி உட்கார்ந்திருக்கிறது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறிக்கொள்கிறது. மூன்றாம் தரம் ஏறியதும், “செரி வாடா, எங்கூருக்கே போலாம்” என்று கூட்டிவந்துவிட்டார். ஒவ்வொரு விசேஷத்திலும் இந்தக் கதைக்குக் கொஞ்சம் கைகால் முளைக்கும். மகள் சௌந்தர்யா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, குட்டி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததாகவே ஆகிவிட்டது. வசந்தாமணி தலையிலடித்துக்கொண்டு சிரிப்பாள். எத்தனையாவது தரமானாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி, மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கிற வீடு. மாதத்தில் இருபது நாள் கதிர்வேல் லாரியோடு லைனில் இருப்பார். அந்த இருபது நாளும் நாக்பூரான்தான் வீட்டுக்கு ஆம்பளை. கேட்டைத் தாண்டி ஒரு கோழி வந்தாலும் கூப்பாடு போடும். போன வருஷம் ரெண்டு ஊர் தள்ளி ஒரு தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த பெண்பிள்ளையைக் கட்டிப்போட்டுக் கம்மலோடு காதை அறுத்துப் போனார்கள். அந்த வாரம் முழுக்க எல்லோரும் வந்து வசந்தாமணிக்குப் புத்தி சொன்னார்கள். அவள் வாசலைக் காட்டினாள். வாசலில் நாக்பூரான் படுத்திருந்தது.

மூன்றாம் நாள் குழிமேட்டில் பால் ஊற்றிவிட்டு வந்த கதிர்வேல் தீர்ப்பாகச் சொன்னார்:

“நாயில்லாத ஊட்ல உன்னத் தனியா உட்டுப்போட்டு நான் லைனுக்குப் போகமாட்டேன்.”

சௌந்தர்யா ஓசூரிலிருந்து போனில் இதையேதான் சொன்னாள். அப்பா வரும்போது ஊருக்குப் போய்க்கொள்ளலாம், மற்ற நாளெல்லாம் இங்கேயே இரும்மா என்றாள். ஓசூரில் வசந்தாமணி ஒருமுறை பதினைந்து நாள் இருந்திருக்கிறாள். நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல். மகளும் மருமகனும் தங்கமானவர்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதினைந்து நாள் மண்ணை மிதிக்காமல் இருந்ததில் அவளுக்குத் தன் கால் தன்னுடையதில்லை என்று ஆகிவிட்டது. இங்கேயே கிடந்து இங்கேயே சாகவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதை அவள் வாய்விட்டே சொன்னாள். அதற்குக் கதிர்வேல், அமாவாசைக்கு அடுத்த நாள் ஹூப்ளி லோடு இருக்கிறது, அதற்குள் ஒத்துவருகிற நாய் கிடைத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் பெட்டியைக் கட்டு என்றார். எண்ணிப் பார்த்தால் பத்து நாள் இருந்தது.

நாய் தேடுவது பெண் பார்ப்பதைவிடப் பெரிய பாடாக இருந்தது. ஜேடர்பாளையத்துச் சொந்தக்காரர் ஒருவர் நல்ல ஜாதி நாய் இருக்கிறது என்று கூப்பிட்டார். அது மெத்தையில் படுத்து, வந்தவர்களை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. சின்னண்ணன் தன் வீட்டுக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். அது இரண்டு தரம் அவர் வீட்டுக்கே திரும்பி ஓடியது. கதிர்வேலுக்கென்று ஒரு சோதனை இருந்தது. நாய் இருக்கிற இடத்துக்கு லாரியையே ஓட்டிப் போவார். தூரத்தில் நிறுத்தி நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். காதைத் தூக்கி ஓடிவர வேண்டும். அப்படி வருகிற நாய்தான் நம்முடைய வீட்டு நாய். ஜேடர்பாளையத்து நாய் அந்த ஹாரனிலும் தூங்கியது.

வாழப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு பெண் அடிபட்ட நாய்களை எடுத்து வளர்க்கிறாள், வேண்டுகிறவர்களுக்குக் கொடுக்கவும் செய்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். பஸ்ஸில் போய் வந்துவிடலாம் என்றாள் வசந்தாமணி. வண்டி இல்லாமல் நாயை எப்படிப் பார்க்கிறது என்றார் கதிர்வேல். அவருக்கு அது கேள்வியே இல்லை.

பழைய கோழிப் பண்ணைக் கொட்டகை அது. கம்பி வலைக்குப் பின்னால் முப்பது நாற்பது நாய்கள் இருக்கும். வண்டியைக் கேட்டுக்கு எதிரே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கதிர்வேல் எப்போதும்போல நீளமாக ஹாரனை அழுத்தினார்.

முதலில் ஒரு குரைப்பு கேட்டது. பிறகு அது குரைப்பாக இல்லை. வசந்தாமணி அப்படி ஒரு ஊளையைக் கேட்டதில்லை. நாய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்சுவரை நோக்கி ஓடின. ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. ஒன்று முன்னங்காலால் தரையைப் பிராண்டிக்கொண்டு பின்புறத்தை இழுத்துக்கொண்டே போனது. கொட்டகையிலிருந்து சோற்றுக் கரண்டியோடு ஒரு பெண் ஓடிவந்தாள். நாய்களை வளர்க்கிற அகல்யா அவள்தான். முப்பது வயதுகூட இருக்காது. கத்துவாள் என்று வசந்தாமணி எதிர்பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை.

“ஏனுங்கண்ணா, உள்ள இருக்கறதுல பாதி லாரில அடிபட்டு ரோட்டுல கெடந்ததுங்க.”

கதிர்வேலின் கை ஹாரனை விட்டு மடியில் விழுந்தது. அவர் இறங்கவில்லை.

வசந்தாமணி மட்டும் இறங்கி உள்ளே போனாள். அவமானத்தில் முகம் காந்தியது. அகல்யா, பயத்தில் நாய்கள் பெய்துவைத்ததைத் தண்ணீர் ஊற்றித் தள்ளிக்கொண்டிருந்தாள். அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் இடையில் ஒரு செவலைப் பெட்டை தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு நின்றது. உடம்பு முழுக்க வெளியே தெரிந்தது. முகம் மறைந்தால் தான் மறைந்துவிட்டதாக அதற்கு எண்ணம். பின்னங்கால்களில் ஒன்று இல்லை. ஆத்தூர் ரோட்டில் கிடைத்ததாம். வந்து எட்டு மாதமாகிறது, ஒருமுறைகூடக் குரைத்ததில்லை என்றாள் அகல்யா. பார்க்க வருகிறவர்கள் காலைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்களாம்.

வசந்தாமணி நான்கடி தள்ளிச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. அகல்யா பாதிக் கொட்டகையைக் கழுவி முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தாள். நாய் ஒருமுறை தலையை வெளியே எடுத்து அவளைப் பார்த்தது. பிறகு மறுபடியும் நுழைத்துக்கொண்டது.

லாரிக்குத் திரும்பியபோது கதிர்வேல் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவர் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நாக்பூரான் தானா ஏறல, வசந்தா.”

அவள் திரும்பினாள்.

“அதோட ஆத்தா குறுக்க ஓடியாந்துருச்சு. பிரேக்கு புடிச்சேன். வண்டி நிக்கல. எறங்கிப் பாக்கறப்போ இது பக்கத்துல நின்னு அத மோந்து பாத்துட்டிருந்துச்சு. தூக்குனேன். சும்மா வந்துருச்சு.”

வசந்தாமணிக்கு முதலில் வந்தது கோபம்தான். பதினொரு வருஷம் அந்தக் கதைக்குச் சிரித்திருக்கிறாள். கல்யாண வீட்டில் பந்தியே சிரித்திருக்கிறது. சிரிக்கவைத்த மனிதன் இதை வைத்துக்கொண்டுதான் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். பிறகு அவளுக்கு நாக்பூரான் ஞாபகம் வந்தது. அதே வண்டி, அதே ஹாரன். அதைக் கேட்டுத்தான் அது தட்டிலிருந்த சோற்றைக்கூட விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடியிருக்கிறது, மேலே விழுந்து அவர் முகத்தை நக்கியிருக்கிறது. அதற்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் ஓடியதா? குழி வெட்டிய அன்று வராத அழுகை இப்போது வந்தது. கதிர்வேல் அவளைத் தடுக்கவில்லை. வண்டியைக் கிளப்பவும் இல்லை.

வெகுநேரம் கழித்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உள்ள ஒண்ணு இருக்குதுங்க. அதக் கூட்டிட்டுப் போலாம்.”

“ஹாரனுக்கு வந்துச்சா?”

“இல்லீங்க. செவுத்துல தலைய உட்டுக்கிச்சு.”

“கொரைக்குமா?”

“எட்டு மாசமா கொரைக்கலியாமா.”

“பொறவு அத வெச்சுட்டு நீ தனியா என்ன பண்ணுவ?”

“கொரைக்கறத நான் பாத்துக்கறனுங்க” என்றாள் வசந்தாமணி.

வேறொரு நாளாக இருந்தால் அவர் விட்டிருக்கமாட்டார். அன்றைக்கு அவரிடம் வாதாட ஒன்றும் மிச்சமில்லை. ஹூப்ளி போய்த் திரும்ப நான்கு நாள். வந்து பார்ப்பேன், சரிப்படாவிட்டால் ஓசூர்தான் என்று மட்டும் சொன்னார்.

அந்த நாய் லாரியில் ஏறாது என்பது சொல்லாமலே தெரிந்தது. மறுநாள் சின்னண்ணனுடைய சின்ன யானைச் சரக்கு வண்டியில் போய்க் கூட்டிவந்தார்கள். வழிநெடுக வசந்தாமணி பின்னால் நாயோடு தரையில் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்குள் விட்டதும் அது கட்டிலுக்கு அடியில் போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டது. ராத்திரி சாப்பிடும்போதுதான் அவள் கவனித்தாள், வாசலில் லாரி இல்லை. பைபாஸ் பெட்ரோல் பங்க்கில் விட்டிருப்பதாகக் கதிர்வேல் சொன்னார். அவள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

அவர் கிளம்பிப் போன முதல் நாள், வைத்த சோறு வைத்தபடி இருந்தது. இரண்டாம் நாள் அவள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்வந்தபோது தட்டு காலியாக இருந்தது. பால்காரர் வந்தார், போனார். சின்னண்ணன் வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். நாய்க்கு மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை.

“நல்ல காவலுக்குத்தான் ஆள் புடிச்சீங்க போங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வசந்தாமணி அதைக் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தாள். ஆனாலும் அன்று கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டாள். அலமாரியில் ஓசூருக்கு எடுத்துப்போக வேண்டிய புடவைகள் கண்ணில் பட்டன. கதவைச் சாத்தினாள். நாக்பூரான் இருந்தால் இந்நேரம் வாசலில் ஒருமுறை உடம்பை உதறிப் படுத்திருக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. புரண்டு படுத்தபோது கட்டிலுக்கு அடியிலும் ஏதோ புரண்டு படுத்தது.

மூன்றாம் நாள் நாய் நிலைப்படிவரை வந்தது. நாலாம் நாள் மதியம் வாசலுக்கே வந்து, கூரை நிழல் முடிகிற இடத்தில் படுத்துக்கொண்டது. அவள் துவரங்காய் உரித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். கேட்கக்கூடாது என்று நினைத்தாலும் காது பைபாஸ் பக்கமே போயிற்று. நான்கு மணிக்கு வரவேண்டியவர். ஐந்தாகியும் ஹாரன் கேட்கவில்லை.

வெயில் கிழங்குக் காட்டின்மேல் சாய்ந்தபோது நாய் எழுந்தது. மூன்று காலில் தள்ளாடி நின்றது. பிடரி மயிர் சிலிர்த்தது. வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். வண்டிப் பாதையில் யாரோ நடந்து வந்துகொண்டிருந்தார்கள். தோளில் பை, தலையில் துண்டு. முட்டிவரை புழுதி.

நாய் குரைத்தது. முதல் குரல் உடைந்து வெளியே வந்தது, அதற்கே அது தன் குரல்தானா என்று தெரியாததுபோல ஒரு கணம் நின்றது. அடுத்தது சரியாக வந்தது. அதற்கடுத்தது காட்டுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

லாரியைப் பங்க்கிலேயே விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருந்த கதிர்வேல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கேட்டுக் கொண்டியில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். வசந்தாமணி மடியில் காயோடு உட்கார்ந்திருந்தாள். நம்ம ஆள்தான் என்று நாயை அதட்ட ஒரு வார்த்தை போதும். அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

அவர் பையைத் தரையில் இறக்கி வைத்தார். துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். தன் வீட்டு வாசலில், யாரோ ஒரு ஆளாக, அது குரைத்து முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.