கமலினியின் சாடியில் கறிவேப்பிலை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. போன சனிக்கிழமை, மெல்பேர்ணின் மல்கிரேவில் ஒரு பிறந்தநாள் வீட்டு வாசலில், கையில் கேக் தட்டோடு நின்ற கமலினி சொன்னது. சொல்லிவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"எழுதுங்கோ. ஆனா அந்தப் பூ நான்தான் எண்டு எழுதினீங்களெண்டால் உங்களோட கதைக்கமாட்டன்."

வீட்டுக்கு வந்து நான் எழுதிய முதல் வரி: பாலைவனத்தில் பூத்த அந்த மலரைப் போலவே கமலினியும்

அடித்துவிட்டேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

2

மறுபடி தொடங்குகிறேன். 2001இல் கமலினியை ஆஸ்திரேலியப் பாலைவன நடுவே ஒரு அகதி முகாமில் பதினொரு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். அவள் செய்த குற்றம், உயிரோடு வந்து சேர்ந்தது. அங்கே அவளுக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான். ஒரு மழைக்குப் பிறகு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் விரிந்தன. காகிதப் பூ. (நம் ஊர் வேலிகளில் படரும் காகிதப்பூ இல்லை. இது சாண் உயரச் செடி; இதழைத் தொட்டால் சரசரக்கும்.) அதன் பெயர் என்னவென்று காவலாளியிடம் கேட்டாள்.

"களை" என்றான். அந்த ஆளை இந்தக் கதைக்குள் இனி விடமாட்டேன்.

விடுவித்த நாளில், வேலியோரமாக நடந்தபோது, அவளுடைய கம்பளிச் சட்டையின் கை விளிம்பில் பஞ்சு ஒட்டிய விதைகள் சில சிக்கிக்கொண்டன. மெல்பேர்ணில் ஒரு சாடியில் மணலை நிரப்பி அவற்றைத் தூவினாள். விதையை மண்ணால் மூடக்கூடாது, விரலால் மெல்ல அழுத்தினால் போதும். பசளை, உரம் எதுவும் ஆகாது. தண்ணீர் கொஞ்சம், வெயில் நாள் முழுக்க. வசந்தத்தில் பூக்கும். கோடையில் செடி காய்ந்து செத்துவிடும், விதை மட்டும் அதன் தலையில் நிற்கும். அதை எடுத்து அடுத்த வருடம் தூவ வேண்டும். ஐந்து வருடம் இப்படியே காப்பாற்றினாள்.

கடையில் விதை விற்கிறதே என்பீர்கள். விற்கிறது. அந்த வேலிக்கு வெளியே நின்றதன் விதை எந்தக் கடையிலும் இல்லை.

3

இந்த வருடம், 2007 ஜனவரியில் (இங்கே அது கோடை), ஒரு கலியாணத்துக்காகக் கமலினி சிட்னிக்குப் போனாள். நாலே நாலு செடி, காய்ந்து நின்றன. வந்து விதை எடுக்கலாம் என்று நினைத்தாள். வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, புருஷனின் அக்கா யோகராணியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்து நாளில் திரும்பி வந்தால், சாடியில் கறிவேப்பிலைக் கண்டு (கன்று) ஒன்று நிற்கிறது!*

"மச்சாள், இதுக்குள்ள நிண்டது எங்கை?"

"அதோ? காஞ்சு கருவாடாய்க் கிடந்தது. விளக்கு வைக்கிற வீட்டு வாசல்ல பட்ட செடி நிக்கக்கூடாது. நான்தான் புடுங்கிக் குப்பைவாளிக்குள்ள போட்டனான். நல்ல கோழிப்பசளையும் போட்டு நட்டிருக்கிறன், பார்."

குப்பை வண்டி முதல்நாளே வந்து போயிருந்தது.

* மெல்பேர்ண் குளிரில் கறிவேப்பிலை வளர்த்தவர்களுக்குத் தெரியும். தங்கச் சங்கிலியை இரவல் தருவார்கள், கண்டு தரமாட்டார்கள். வந்தவர் போனவரெல்லாம் கமலினியிடம், "குடுத்து வச்சனீர்" என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

4

முடிவு (அ): கமலினி கண்டைப் பிடுங்கி யோகராணியின் முன்னால் வீசுகிறாள். என் கோபத்துக்கு இதுதான் பிடித்திருந்தது. தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் கமலினி. "முகாமுக்குக் கிழமைக்கொரு கடிதம் போட்டது அவ ஒராள்தான். உறையில என்ர முழுப் பேரையும் எழுதி."

அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): அவள் மன்னித்து, கறிவேப்பிலை தாளித்த சாம்பாரை

இதையும் அடித்துவிட்டேன். அவள் மன்னிக்கவில்லை. ஒரு கிழமை சோறு இறங்கவில்லை என்றாள். பெயரில்லாமல் இருந்த இடத்திலிருந்து அவள் கொண்டுவந்த ஒரே பொருள் அது, அதையும் அன்பானவர்களே பிடுங்கினால் யாரிடம் போய்க் கத்துவது என்று கேட்டாள்.

5

இன்று காலை அவளே அழைத்தாள். கண்டின் அடித்தண்டை ஒட்டி இரண்டு பச்சை முளைகள் வந்திருக்கின்றனவாம். ஆளுக்கு இரண்டே இலை. உதிர்ந்த விதையில் வந்த காகிதப் பூவோ, வேறேதுமோ, இப்போது சொல்ல முடியாது. கண்டை வேறு சாடிக்கு மாற்றலாமே என்றேன். வேரை அசைத்தால் முளையும் கையோடு வந்துவிடும் என்றாள்.

நாளையிலிருந்து கடுங்குளிர் என்று வானொலியில் சொல்கிறார்கள். சாடியைக் குசினிக்குள், அடுப்படிக்கு, எடுத்தால் கறிவேப்பிலை பிழைக்கும். அங்கே வெயில் இல்லாததால் முளைகள் போய்விடும். வெளியே விட்டால் முளைகள் பிழைக்கலாம், கறிவேப்பிலை கருகும். பின்னேரம் யோகராணி வருகிறார். "கண்டை உள்ளுக்கு எடுத்திட்டியோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. கமலினி வாசலில் நிற்கிறாள், சாடி அவள் காலடியில் இருக்கிறது. உள்ளே எடுப்பதானாலும் வெளியே விடுவதானாலும் இனி உங்கள் பாடு. ஒன்றே ஒன்று: உள்ளே எடுப்பதென்றால் எடுங்கள், ஆனால் அந்த இரண்டு முளைகளையும் பார்த்து, களைதானே என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.