ஃபைட்டருக்குத் துணை

அந்தத் தொலைபேசி அழைப்பை நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அழைப்பு வந்தது உண்மை. பகல் மூன்று இருபதுக்கு, ஒரு நிமிடம் பதினொரு நொடி என்று கைபேசியில் பதிவாகியிருக்கிறது. அந்த நேரத்துக்குள் தம்பி என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் வாயே திறக்கவில்லை என்று ரொம்ப நாள் சாதித்தேன். இன்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

அப்போது என் கையில் யாரோ ஒரு பெரியவருக்கான மேல்வரிசைப் பல்செட் இருந்தது. சுழலும் அரத்தில் அதன் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முகமூடி, கண்ணாடி, ஒரு காதில் இயர்ஃபோன், எதிரே மோட்டாரின் இரைச்சல். பல்செட் செய்யும் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவது, மெழுகில் பற்களை வரிசை கட்டுவது, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒத்த நிறம் தேடுவது. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை யாரோடும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த வேலையில் நிலைத்தேன் என்று சொல்லலாம்.

தம்பிக்கு நேர் எதிரான பிழைப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் கால் வைத்துக்கொண்டு, சிரித்துப் பேசியே பொழுதைக் கழிப்பான். அவன் வீட்டுக் குளியலறைக் குழாய் உடைந்து தரையைத் தோண்ட வேண்டி வந்தபோது, "ரெண்டே வாரம்தான்க்கா" என்று மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நான் சொல்லும் சம்பவம் நடந்தது ஐந்தாவது மாதத்தில்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். அப்பா அப்படித்தான் மூன்று முறை வீடு மாற்றினார். அம்மாவின் தையல் மிஷின் அப்படித்தான் போனது. "கேட்டேனே, நீ ஒண்ணும் சொல்லலையே" என்பார். அதில் பொய் இருக்காது. கேட்டிருப்பார்தான். தம்பி அந்தக் கலையை அப்பாவிடமிருந்து சிரிப்போடு சேர்த்து எடுத்துக்கொண்டான். "அக்கா, உன் படிக்கிற ரூமை நாங்க எடுத்துக்கட்டுமா?" நான் யோசித்துக்கொண்டிருப்பேன். புத்தகங்கள் அட்டைப் பெட்டிக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் சேர்ந்துவிடும். ஜன்னலோர நாற்காலி போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பதில் சொல்ல எனக்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் இந்த வீட்டில் எதையும் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

வீட்டுக் கூடத்தில் இருந்த மீன் தொட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அறுபது லிட்டர் தொட்டி, அதில் ஒரே ஒரு ஃபைட்டர் மீன். கருநீல உடல், வால் மட்டும் துரு நிறம். அது தனியாக நன்றாகவே இருந்தது. துணை வேண்டும் என்று அது கேட்கவில்லை. எனக்குத்தான் ஓர் ஆசை. ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இரண்டு உயிர்கள் ஒரே தண்ணீரில் இருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒரு வருடமாக அதற்குத்தான் மீன் கடைக்கு நடந்துகொண்டிருந்தேன்.

கடைக்காரரை ஈரக்கை என்போம். அவர் தரும் மீதிச் சில்லறை எப்போதும் நனைந்துதான் வரும்.

"கப்பி போடலாமா?" என்று கேட்டிருக்கிறேன்.

"ஆண் கப்பிக்கு வால் விசிறி மாதிரி இருக்கும் மேடம். உங்காளு அதைப் பார்த்தா, தனக்குப் போட்டியா இன்னொருத்தன் வந்துட்டான்னு கிழிச்சுப் போட்டுருவான்."

"கௌராமி?"

"அது இவனுக்குப் பங்காளி. பங்காளிங்களை ஒரே வீட்டுல விட்டுட்டு நிம்மதியா தூங்குவீங்களா?"

"அப்ப என்னதான் போடுறது?"

"பார்க்க சுமாரா இருக்கணும். மேல வரக்கூடாது. அடுத்தவன் வாலைக் கடிக்கக்கூடாது. தன் வேலையைப் பார்த்துக்கிட்டுக் கீழேயே கிடக்கணும். மனுஷங்கள்லயே நான் இன்னும் பார்க்கலை மேடம். மீன்ல ஒண்ணு இருக்கு."

கோரிடோராஸ் என்ற சின்ன மீனைக் காட்டினார். மீசை வைத்துக்கொண்டு மணலைத் துழாவும் சாம்பல் நிற மீன். ஆறு வாங்கினேன். உடனே தொட்டியில் விடவில்லை. நோய் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, சமையலறை மூலையில் பிளாஸ்டிக் பெட்டி வைத்து, வேறு தண்ணீரில் முப்பது நாள் இருக்கவிட்டேன். தினமும் அதில் ஒன்றை வாயகன்ற கண்ணாடிக் குப்பியில் எடுத்து, குப்பியைத் தொட்டியின் வெளிப்பக்கக் கண்ணாடியை ஒட்டி வைப்பேன். அரை மணி நேரம். ஃபைட்டர் எத்தனை முறை செவுளை விரித்துப் பாய்கிறது என்று எண்ணுவேன். முதல் நாள் நாற்பத்தொன்று. பதினைந்தாம் நாள் ஆறு. இருபதாம் நாள் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பி, இலைமேல் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் ஆளிருந்தும் நான் சொல்லவில்லை. இன்னும் பத்து நாள் பாக்கி.

மறுநாள்தான் அந்த அழைப்பு.

ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். தம்பி மகள் கதவைத் திறந்தாள். "அத்தை, கண்ணை மூடு. சர்ப்ரைஸ்."

நான் மூடவில்லை. கூடத்துக்குள் நுழைந்தபோதே ஆரஞ்சு உடலில் கறுப்புப் பட்டை போட்ட நான்கு மீன்கள் தொட்டியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரட்டிக்கொண்டு திரிவது தெரிந்தது. டைகர் பார்ப். நீளமாக எது அசைந்தாலும் கடித்துப் பார்க்கும் ஜாதி. ஃபைட்டர் ஹீட்டருக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. அந்தத் துரு நிற வால் பாதிக்கு மேல் இல்லை. மிச்சம் இருந்தது நார்நாராகத் தொங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்து இன்னொரு கடி கடித்துவிட்டுப் போனது.

"எப்படி இருக்கு?" என்றான் தம்பி, சோபாவிலிருந்து. "தொட்டியே களை கட்டிருச்சுல்ல? பாவம், ஒண்டிக்கட்டையா கிடந்துச்சு."

நான் வலையை எடுத்தேன்.

"ஏன்க்கா, எடுக்கப்போறியா? பாப்பா ஆசைப்பட்டா. உன்னைக் கேட்டுட்டுத்தானே வாங்கினேன்."

டைகர் பார்ப்பை வலையில் பிடிப்பது லேசில்லை. முக்கால் மணி நேரம் ஆனது. செடிகள் பிடுங்கிக்கொண்டன. தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. கேட்காமலே தம்பி மனைவி ஒரு வாளியையும் இன்னொரு பக்கம் மறிக்க மாவு சலிக்கும் சல்லடையையும் கொண்டுவந்து என் எதிரே முட்டிபோட்டாள். எனக்கோ வலையை வைத்துவிட்டு அவள் புருஷனின் சிரிப்பை அந்தச் சல்லடையாலேயே அறைய வேண்டும் போலிருந்தது.

"ஃபோன்ல கேட்டேன். நீ 'ம்'ன" என்றான் தம்பி, நான்காவது மீன் வாளியில் விழுந்த பிறகு.

"நான் சொல்லலை."

"சொன்னக்கா. உனக்கு மறந்திருக்கும்."

மறுநாள் விடுமுறை எடுத்துக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். வழியெல்லாம் தண்ணீர் தளும்பி என் செருப்பு நனைந்தது. ஈரக்கையைக் கிழித்துத் தொங்கவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

"என் ஃபைட்டரோட போடறதுக்குன்னு தெரிஞ்சே எப்படி இதைக் கொடுத்தீங்க?"

அவர் வாளிக்குள் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "முடியாதுன்னுதான் சொன்னேன் மேடம். மூணு தடவை. வால் மிஞ்சாதுன்னேன். உங்க தம்பி ஃபோனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சார். 'துணைக்கு மீன் வாங்கிட்டு வரட்டுமாக்கா, பட்டை பட்டையா அழகா இருக்கு'ன்னார். நீங்க 'ம்'னீங்க."

"நானா?"

"நீங்கதான். ஏதோ மிஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஆனா 'ம்' காதுல விழுந்துச்சு. ஒரு வருஷமா என் உயிரை எடுக்கிறவங்க நீங்க. என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். நீங்களே சொல்லிட்டா ஏதோ காரணம் இருக்கும்னு நினைச்சேன். வேற யாராவது இருந்தா கொடுத்திருக்கவே மாட்டேன்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். "எட்டாச்சும் வாங்குங்கன்னேன். எட்டு இருந்தா தங்களுக்குள்ளயே கடிச்சுக்கிட்டுக் கிடக்கும். அவர் நாலு போதும்னுட்டார்."

காசைத் திருப்பித் தர வந்தார். நான் வாங்கவில்லை. வெறும் வாளியோடு வெளியே வந்து நின்றேன்.

இப்போது யார்மேல் கோபப்படுவது? சொல்லியிருக்கலாம். முன்னால் இருக்கும் பல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல், பேச்சை முடித்தால் போதும் என்று, எதிர்முனையில் இருப்பவன் என்ன கேட்கிறான் என்றுகூடத் தெரியாமல் நான் சொல்லியிருக்கலாம். அப்படி எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று நடக்க நடக்கத் தோன்றியது. ஆனால் அதனால் கோபம் தணியவில்லை. என் தலையிலும் கொஞ்சம் விழுந்ததே தவிர, தம்பியின் பங்கு ஒரு துளிகூடக் குறையவில்லை. மூன்று தடவை 'வால் மிஞ்சாது' என்பதைக் காதால் கேட்டவன் அவன். அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

வீட்டில் அவன் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். வாளியைக் கீழே வைத்தேன்.

"எப்ப போறீங்க?"

"எங்கக்கா?"

"உங்க வீட்டுக்கு."

சிரித்தான். "என்னக்கா, ஒரு மீனுக்காகவா?"

"ஆமா. மீனுக்காகத்தான்."

"சரி, உன் கோபம் நியாயம். தப்புதான். நான் வேற ஃபைட்டர் வாங்கித் தர்றேன். வீட்டு வேலைதான் இன்னும்..."

"வீட்டு வேலை முடிஞ்சு ஆறு வாரமாச்சு அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "சாவி என் பையில இருக்கு. உங்ககிட்ட சொல்லச் சொல்லி இவர்கிட்ட தினமும் சொல்றேன்."

ஷூவைத் தேய்க்கும் பிரஷ் நின்றது.

"நீ சும்மா இருக்க மாட்டியா" என்றான் அவளிடம். பிறகு என்னிடம் திரும்பினான். அந்த முகத்தில் எனக்குத் திருட்டு தெரியவில்லை. தெரிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். "முடிஞ்சுதான் இருக்கு. மறைக்கலை. உனக்குன்னு யாருக்கா இருக்கா? வேலைக்குப் போற, வர்ற, அந்தத் தொட்டி முன்னாடி உட்கார்ந்துக்கிற. நாங்க இருந்தா வீடு கலகலன்னு இருக்குமேன்னுதான் பார்த்தேன். உன்கிட்ட கேட்கக்கூடச் செஞ்சேன். ஒருநாள் டீ குடிக்கும்போது, இங்கேயே இருந்துடட்டுமான்னு. நீ ஒண்ணும் சொல்லலை."

அவன் அப்படிக் கேட்டதுகூட எனக்கு நினைவில்லை. கேட்டிருப்பான்.

வழக்கம்போல நான் பேசாமல் நின்றேன். அவன் தோள்கள் மெல்லத் தளர்வதைப் பார்த்தேன். பிரஷை மறுபடி எடுத்தான். விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டான். எனக்கு அந்தப் பிரஷின் சத்தம் தாங்கவில்லை.

"வேண்டாம்" என்றேன்.

"எது?"

"நீங்க இங்க இருக்க வேண்டாம். நீ பண்ணதுக்குப் பேரு துணை இல்லை. என் அறை எனக்கு வேணும். இந்த வாரத்துக்குள்ள கிளம்புங்க."

"கோபத்துல பேசாதக்கா."

"கோபத்துலதான் பேசறேன். கோபம் போனப்புறமும் இதையேதான் சொல்லுவேன்."

அவன் எழுந்தான். ஒரு காலில் பாலிஷ் போட்ட ஷூவும் மறு காலில் போடாததுமாக நின்றான். "அப்பா இருந்திருந்தா இப்படிப் பேசியிருப்பியா?"

"மாட்டேன்" என்றேன். "அது என் தப்பு."

உள்ளே தம்பி மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்து என் புத்தகப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் யாரையும் கேட்கவில்லை. நானும் போய் ஒரு முனையைப் பிடித்தேன். "அண்ணி, நானும் ஒருநாள் உங்களைக் கேட்டேன். நாங்க இருக்கறது கஷ்டமான்னு" என்றாள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "நீங்க 'இருங்க'ன்னு சொல்லலை. 'போங்க'ன்னும் சொல்லலை. எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரலை." மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா என்பது நினைவில்லை.

நான்காம் நாள் அவர்கள் கிளம்பினார்கள். தம்பி என்னோடு ஏழு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறான்; வாரத்தில் ஒருநாள் ஃபோன் செய்கிறான். பயிற்சிப் பள்ளியை விட்டுச் சொந்தமாக ஒரு கார் வாங்கிக் கற்றுத்தருகிறான். அவன் மனைவி ஒரு பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறாள், மாதம் ஒருமுறை மகளோடு வந்து போகிறாள். மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஃபைட்டருக்கு இரண்டு மாதத்தில் வால் திரும்ப வளர்ந்தது, முன்பைவிடக் குட்டையாக, வெளிறிப்போய். அதற்குப் பிறகு கோரிடோராஸை விட்டேன். பதினான்கு மாதம் ஒரே தண்ணீரில் இருந்தன. ஃபைட்டர் வயதாகி இறந்தது. கோரிடோராஸில் ஐந்து உயிரோடு இருக்கின்றன. ஈரக்கையின் கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அவர் வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவித் தருகிறார். அந்த நான்கு டைகர் பார்ப்புகளை யாரோ வாங்கிப் போனதாகச் சொன்னார். நான் அதே பல்செட் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் தனியாக இருக்கிறேன்.