கமலவேணியின் பிள்ளை

இரண்டாவது பையன் இராமதாஸும் போன பிறகுதான் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தையல்நாயகியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். முதல் பையன் கண்ணையன் போய் நாலு வருஷமாகியிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான். காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு, பிறகு உடம்பெல்லாம் மஞ்சள். உழவர்கரையில் அவர்கள் தெருவிலேயே பத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. மற்றதெல்லாம் கஞ்சி குடித்துவிட்டு எழுந்து விளையாடப் போய்விட்டன.

"உங்க அம்மாகூடப் பொறந்த ஆம்பளைங்க இருக்காங்களாம்மா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"ரெண்டு மாமனுங்க. சின்னதுலயே காய்ச்சல்ல போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க."

"உங்ககூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி. அவனும் அப்பிடித்தான்."

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். இந்தக் காய்ச்சல் எல்லாருக்கும் வருவதுதான். சில குடும்பங்களில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் அதைத் தாங்கும் சக்தி பிறக்கும்போதே இருப்பதில்லை. அம்மா வழியாக வருகிறது, அம்மாவுக்கு ஒன்றும் செய்யாது. எல்லாப் பையன்களுக்கும் வந்தே தீரும் என்றும் இல்லை. "இப்பதான் வெளிநாட்டுல கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. மருந்து இல்ல. உங்க தப்பு ஒண்ணுமே இல்லம்மா. அக்கா தங்கச்சி யாருக்காவது பையன் இருந்தா, காய்ச்சல்னா ஒடனே இங்க கொண்டாரச் சொல்லுங்க."

தங்கச்சி கமலவேணிக்கு ஒரே பையன், சின்னக்கண்ணு. மூன்று வயது.

கருமாதி முடிந்து ஒரு மாதம் போனதும் தையல்நாயகி கருவடிக்குப்பத்துக்குப் போனாள். வாசலில் கமலவேணி பையனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவள், அத்தனையும் மறந்து போட்டு உடைத்துவிட்டாள். நம் வீட்டு ரத்தத்திலேயே இருக்கிறதாம், இவனுக்கும் இருக்கலாமாம் என்று.

கமலவேணி துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அவள் மாமியார் மணியம்மாள் வந்தாள்.

"பெத்த ரெண்டயும் வாரிக் குடுத்துட்டு இங்க வந்து நிக்கிறியே. எம் பேரன் கண்ணு முன்னால இருக்கறது பொறுக்கலியா?"

"ஐயோ, அப்பிடி இல்லத்தை. டாக்டரம்மாதான்..."

"நீ போக்கா," என்றாள் கமலவேணி. பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தையல்நாயகி தெருவைத் தாண்டுமுன் மிளகாயும் உப்பும் அடுப்பில் வெடிக்கும் நெடி பின்னாலேயே வந்தது. பிள்ளைக்குச் சுற்றிப் போடுகிறார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் கருவடிக்குப்பத்துக்கும் போயிற்று. சின்னக்கண்ணுவுக்கும் கழுத்து வீங்கிவிட்டது என்று மீன் விற்கிறவள் சொன்னாள். தையல்நாயகி ஓடினாள். கதவு திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டுபோ என்று ஜன்னலண்டை நின்று கெஞ்சினாள். அதற்குப் பிறகு தினமும் புருஷன் மில்லுக்குக் கிளம்பியதும் கிளம்பி, எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியில் நின்று அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே இருமல் கேட்டால் இருக்கிறான் என்று மூச்சு விடுவாள். அந்த டாக்டரம்மாவின் பேச்செல்லாம் பொய்யாகிவிடக் கூடாதா என்று வேண்டாத சாமி இல்லை.

ஒரு நாள் பையன் வாசலுக்கு வந்தான். இளைத்திருந்தான். ஒரு பழைய டயரை எடுத்து உருட்டத் தொடங்கினான். பின்னாலேயே வந்த கமலவேணி அக்காவைப் பார்த்துவிட்டாள்.

"பாத்துக்க. நல்லாத்தான் இருக்கான். உன் வாக்கு பலிக்கல."

"பலிக்கக் கூடாதுன்னுதாண்டி நான்..."

"இனிமே இந்தப் பக்கம் வராதக்கா."

தையல்நாயகி நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் அழுதாள். அதில் பாதி நிம்மதிதான். புருஷன் தெய்வசிகாமணி ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

"கமலா பையன் பொழச்சுட்டான்," என்றாள்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அவளும் அதே வயித்துல பொறந்தவதான. அப்ப நம்ம புள்ளைங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

சில பையன்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. அதைச் சொன்னால் ஆறுதலாக இருக்குமா என்று தெரியவில்லை. குழம்பை ஊற்றினாள். அவன் பாதியிலேயே கை கழுவிக்கொண்டு எழுந்தான்.